ஆட்டோகிராஸ், டிராக் டே... ரெண்டுக்கும் ஒரே டயர் போதுமா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

வார நாட்களில் ஆபீஸ், வார இறுதியில் ரேஸ் டிராக். இப்படி ஒரே காரை வைத்து ரெண்டு வாழ்க்கை வாழும் இளைஞர்கள் தமிழ்நாட்டில் கூடிக்கொண்டே போகிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ரேஸ் கார் இல்லாதவர்களும் சொந்த காரை எடுத்துப்போய்ப் பாதுகாப்பாக வேகம் பார்க்க இடம் இருக்கிறது.

ஆனால் முதல் டிராக் டே முடிந்ததுமே எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: "டயரை மாத்தணுமா? மாத்தினா எதை வாங்குறது?"

எக்ஸாஸ்ட், ஸ்டிக்கர், ஸ்பாய்லர் என்று எதில் செலவழித்தாலும் கார் அவ்வளவாக மாறிவிடாது. டயர் மாறினால் மாறும். காரைச் சாலையோடு இணைப்பது நாலு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டும்தான். அதே நேரம், தப்பான டயரை வாங்கினால் காசும் போகும், மழை நாளில் உயிருக்கும் ஆபத்து. அதனால் இந்த விஷயத்தை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஆட்டோகிராஸ் வேற, டிராக் டே வேற!

ரெண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறைய. முதலில் அதைப் பிரித்துவிடுவோம்.

ஆட்டோகிராஸ் என்பது கடிகாரத்தோடு போட்டி. ஒரு பெரிய மைதானத்தில் கோன்களை வைத்து வளைந்து வளைந்து பாதை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்களோ அவர்களே வெற்றியாளர். அமெரிக்காவில் எஸ்சிசிஏ அமைப்பு 'சோலோ' என்ற பெயரில் இதை நடத்துகிறது. அங்கே பெரிய பார்க்கிங் மைதானங்களில், தார் அல்லது கான்கிரீட் தரையில் ஓட்டுவார்கள். ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

டிராக் டே அப்படியில்லை. அது போட்டியே கிடையாது. ரேஸ் டிராக்கைக் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் பயிற்சி நாள். வழக்கமாக 15 முதல் 20 நிமிடம் கொண்ட செஷன்களாகப் பிரித்து, ஒரே நேரத்தில் பல கார்களை விடுவார்கள். சுற்று மேல் சுற்று, நிற்காமல் ஓட்டலாம்.

நம்மூரில் ஒரு முக்கியமான வித்தியாசம்

இந்தியாவில் ஆட்டோகிராஸ் என்றால் பல சமயம் மண் தரை. தூசி பறக்க, கார் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் பெர்ஃபார்மன்ஸ் டயர்கள் எல்லாமே தார் தரைக்கானவை. மண்ணில் இவை வேலைக்கு ஆகாது. மண் போய் அடைத்துக்கொள்ள, பிடிப்பே இருக்காது. பக்கவாட்டுச் சுவரைக் கல் கிழித்துவிடவும் வாய்ப்பு உண்டு.

அதனால் டயர் கடைக்குப் போகும் முன் போட்டி நடத்துபவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "தரை என்ன? மண்ணா, தாரா?" மண் என்றால் ராலி டயர் அல்லது நல்ல பட்டன் உள்ள சாதாரண டயர்தான் சரி. அங்கே ஒரே டயரில் ரெண்டையும் சமாளிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தார் என்றால் மேலே படியுங்கள்.

ஒரே டயர் ஏன் ரெண்டுக்கும் ஒத்துவராது?

ஒரே வார்த்தையில் பதில்: சூடு.

ரப்பருக்கு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் முழுப் பிடிப்பு கிடைக்கும். அதற்குக் கீழே இருந்தால் இறுகிப்போய் வழுக்கும். அதைத் தாண்டிவிட்டால் பிசுபிசுத்து, மேலே குமிழ் குமிழாகக் கொப்பளித்து, மறுபடியும் வழுக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆட்டோகிராஸில் ஒரு நாளைக்கு 6 ஓட்டம், ஒவ்வொன்றும் 50 விநாடி என்று வையுங்கள். மொத்தம் 300 விநாடி, அதாவது 5 நிமிடம். டிராக் டேயில் 20 நிமிட செஷன் நாலு ஓட்டினால் 80 நிமிடம். டயர் உழைக்கும் நேரம் 16 மடங்கு.

வேகமும் வேற. மணிக்கு 60 கி.மீ.யில் போகும் காரை நிறுத்துவதைவிட, 160 கி.மீ.யில் போகும் அதே காரை நிறுத்த சுமார் 7 மடங்கு ஆற்றலைக் கரைக்க வேண்டும். வேகம் கூடும்போது ஆற்றல் அதன் வர்க்கத்தில் கூடும் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். அந்த ஆற்றல் பிரேக்கிலும் டயரிலும் சூடாகத்தான் போய்ச் சேரும். 3.717 கி.மீ. நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் இது ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப நடக்கிறது.

ஆக, ஆட்டோகிராஸுக்கு முதல் வளைவிலேயே 'ஒட்டிக்கொள்ளும்' டயர் வேண்டும். சூடேற நேரமில்லை. டிராக் டேவுக்கு 20 நிமிடம் சூட்டைத் தாங்கி நிற்கும் டயர் வேண்டும். ஒன்று சட்டென்று கொதிக்கும் பால், இன்னொன்று நிதானமாக வேகும் பருப்பு. ரெண்டுக்கும் ஒரே அடுப்புத் தணல் சரிப்படாதில்லையா?

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் ஹூசியர் நிறுவனம். அவர்களின் பந்தய டயர்களில் ஏ7, ஆர்7 என்று ரெண்டு வகை உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஏ7 ஆட்டோகிராஸுக்கு, ஆர்7 ரேஸ் டிராக்குக்கு. ரப்பர் கலவைதான் வித்தியாசம். ரெண்டையும் ஒரே டயரால் கச்சிதமாகச் செய்ய முடியும் என்றால், அந்த நிறுவனம் ரெண்டு தயாரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் நமக்கு வேண்டியது உலக சாதனை இல்லை. 'ரெண்டிலும் பரவாயில்லை' என்கிற அளவுக்கு ஒரு டயர். அது கிடைக்கும். அதற்கு ஒரு எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும்.

டயரில் இருக்கும் 'ட்ரெட்வேர்' எண் என்ன சொல்கிறது?

சில டயர்களின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் 200, 300, 500 என்று எழுதியிருக்கும். இது அமெரிக்க அரசின் யுடிக்யூஜி தர முறையில் வரும் எண். டயர் எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பதன் ஒப்பீடு இது. அடிப்படை டயர் ஒன்றுக்கு 100 என்று வைத்துக்கொண்டால், 200 எண் உள்ள டயர் அந்தச் சோதனைப் பாதையில் அதைவிட ரெண்டு மடங்கு உழைக்கும் என்று அர்த்தம்.

எண் குறைந்தால் ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. எண் கூடினால் தலைகீழ். இது பொதுவான விதி.

ஆனால் இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

* இந்தச் சோதனையை அரசு செய்வதில்லை. டயர் நிறுவனமே செய்து, தானே எண் போட்டுக்கொள்ளும். ஒரு நிறுவனத்தின் 200-ம் இன்னொரு நிறுவனத்தின் 200-ம் ஒன்றல்ல.
* இது தேய்மானத்துக்கான எண். பிடிப்பை நேரடியாக அளப்பதில்லை.
* இந்தியாவில் இந்த எண் கட்டாயமில்லை. நம்மூர் டயர்கள் பலவற்றில் இருக்காது.

அப்படியானால் எல்லோரும் ஏன் '200, 200' என்று பேசுகிறார்கள்? அமெரிக்க ஆட்டோகிராஸில் சாதாரண கார்களுக்கான 'ஸ்ட்ரீட்' பிரிவில் ட்ரெட்வேர் குறைந்தது 200 இருக்க வேண்டும் என்று எஸ்சிசிஏ விதி வைத்திருக்கிறது. விதி வந்ததும் டயர் நிறுவனங்கள் என்ன செய்தன? எண்ணை 200-ல் வைத்துக்கொண்டு, பிடிப்பை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டின. சாலையில் ஓட்டும் அனுமதியோடு, கிட்டத்தட்ட ரேஸ் டயர் போல நடந்துகொள்ளும் ஒரு தனி வகையே உருவாகிவிட்டது.

டயர் வகைகள்: எது யாருக்கு?

1. சாதாரண டூரிங் டயர்: கார் வாங்கும்போது கூடவே வருவது. மைலேஜ், ஆயுள், சத்தமின்மை ஆகியவைதான் குறிக்கோள். டிராக்கில் சீக்கிரமே 'கீச்' என்று கத்தும்.

2. பெர்ஃபார்மன்ஸ் சம்மர் டயர்: மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4, பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்றவை. 4எஸ் டயரின் ட்ரெட்வேர் 300. தினசரி ஓட்டலாம், மழையில் நம்பலாம், டிராக்கிலும் ஓரளவு தாங்கும்.

3. 200 ட்ரெட்வேர் வகை: பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் ஏ052, ஃபால்கன் அசெனிஸ் ஆர்டி660, ஹான்கூக் வென்டஸ் ஆர்-எஸ்4 போன்றவை. பிடிப்பு அபாரம். சத்தம் அதிகம், ஆயுள் குறைவு.

4. ஆர்-காம்பவுண்ட்: டோயோ ஆர்888ஆர் போன்றவை. ட்ரெட்வேர் 100. பட்டன் பெயருக்குத்தான் இருக்கும். தினசரி ஓட்டுவதற்கு ஏற்றதல்ல.

5. ஸ்லிக்: பட்டனே இல்லாத முழு ரேஸ் டயர். பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது.

ரெண்டுக்கும் சேர்த்து ஒரு டயர் தேடுபவர்களின் தேர்வு இரண்டாவது, மூன்றாவது வகைகளுக்குள்தான் இருக்கும்.

200-க்குள்ளேயே ரெண்டு கட்சி

ஒரே எண் என்றாலும் இந்த டயர்களின் குணம் ஒன்றல்ல.

யோகோஹாமா ஏ052 சட்டென்று சூடாகும். முதல் ஓட்டத்திலேயே ஒட்டும். அதனால் ஆட்டோகிராஸ்காரர்களுக்குச் செல்லப்பிள்ளை. ஆனால் நீண்ட டிராக் செஷனில், அதுவும் எடை கூடிய காரில், அதிகச் சூடாகிச் சோர்ந்துவிடும். வேகமாகத் தேயவும் செய்யும்.

ஹான்கூக் ஆர்-எஸ்4 நேரெதிர். சூடேற நேரம் எடுக்கும். ஆட்டோகிராஸில் முதல் ஓட்டத்தில் ஏமாற்றும். ஆனால் டிராக்கில் சுற்று மேல் சுற்று ஒரே மாதிரி இருக்கும், நீண்ட நாள் உழைக்கும். அமெரிக்காவில் மணிக்கணக்கில் ஓடும் எண்டியூரன்ஸ் பந்தயங்களில் இதை விரும்பிப் போடுகிறார்கள்.

பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், ஃபால்கன் ஆர்டி660 ரெண்டும் இவற்றுக்கு நடுவில், ஆனால் ஆட்டோகிராஸ் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்பவை.

அதனால் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: வருஷத்துக்கு எத்தனை ஆட்டோகிராஸ், எத்தனை டிராக் டே? எது அதிகமோ அந்தப் பக்கம் சாயும் டயரை வாங்குங்கள். சரிசமம் என்றால் டிராக் டே பக்கம் சாய்வதே நல்லது. ஆட்டோகிராஸில் டயர் சூடாகவில்லை என்றால் அரை விநாடி போகும். டிராக்கில் 150 கி.மீ. வேகத்தில் டயர் கைவிட்டால் போவது விநாடி இல்லை.

நம்மூர் வெயிலில் கணக்கு மாறும்

வெளிநாட்டு வீடியோ விமர்சனங்களைப் பார்த்து டயர் வாங்குபவர்கள் கவனிக்காத விஷயம் இது. குளிர் நாட்டில், 10 டிகிரி காலை நேரத்தில், 'இந்த டயர் சூடேறவே மாட்டேங்குது' என்பது பெரிய குறை. ஏப்ரல், மே மாத ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் தார் தரையே 50 டிகிரியைத் தாண்டும். இங்கே டயரைச் சூடாக்குவது பிரச்னையே இல்லை. சூட்டைத் தாங்குவதுதான் பிரச்னை.

அதனால் அங்கே 'மெதுவாகச் சூடாகிறது' என்று மதிப்பெண் குறைக்கப்பட்ட டயர், நமக்குச் சரியான தேர்வாக இருக்கலாம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், கிடைப்பது. 2020 ஜூன் மாதம் மத்திய அரசு புதிய டயர்களின் இறக்குமதியைக் 'கட்டுப்படுத்தப்பட்ட' பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே பிஐஎஸ் தரச் சான்று கட்டாயம். மேலே சொன்ன மூன்றாவது வகை டயர்கள் எல்லா அளவிலும், எல்லா ஊரிலும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே தமிழ்நாட்டில் பலருக்கும் நிஜமான தேர்வு, இரண்டாவது வகைப் பெர்ஃபார்மன்ஸ் சம்மர் டயர்தான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நல்ல ஓட்டுநருக்கு அதுவே தாராளம்.

முதல் தடவை போறீங்களா? டயர் வாங்காதீங்க!

ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். முதல் ரெண்டு மூன்று டிராக் டே, ஆட்டோகிராஸ் எல்லாவற்றையும் காரில் ஏற்கெனவே இருக்கும் டயரிலேயே ஓட்டுங்கள், அது நல்ல நிலையில் இருந்தால்.

சாதாரண டயர் பேசும். எல்லை நெருங்கும்போது கத்தும், மெதுவாக வழுக்கத் தொடங்கும், திருத்திக்கொள்ள நேரம் தரும். ஒட்டும் டயர் உங்கள் தப்பையெல்லாம் மறைத்துவிடும். கடைசியில் விடும்போது அதிக வேகத்தில், திடீரென்று விடும். பாடம் படிக்க முந்தையதுதான் நல்ல வாத்தியார்.

காற்று அழுத்தம்: பைசா செலவில்லாத வித்தை

டயர் மாற்றாமலேயே பெரிய வித்தியாசம் தரும் விஷயம் இது. சூடானால் டயருக்குள் இருக்கும் காற்று விரியும், அழுத்தம் ஏறும்.

காலையில் 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ வைத்துக் கிளம்புகிறீர்கள். டிராக்கில் ஓட்டி உள்ளே காற்று 80 டிகிரிக்குப் போனால், அழுத்தம் கிட்டத்தட்ட 40 பிஎஸ்ஐ ஆகிவிடும். டயர் பலூன் மாதிரி உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். பிடிப்பு போய்விடும். அதே டயரை 28-ல் தொடங்கினால் சூடான பிறகு 35-ஐ ஒட்டி நிற்கும்.

* டிராக் டே: முதல் செஷனில் மெதுவாக ஆரம்பியுங்கள். பிட்டுக்குள் வந்தவுடனே, சூடு ஆறும் முன் அழுத்தத்தை அளந்து, நாலு டயரிலும் அதிகமாக ஏறியதை மட்டும் இறக்குங்கள். கார் நிறுவனம் சொன்ன அளவைத் தொடக்கப் புள்ளியாக வையுங்கள்.
* ஆட்டோகிராஸ்: 50 விநாடியில் அழுத்தம் பெரிதாக ஏறாது. அதனால் உங்களுக்கு வேண்டிய அழுத்தத்திலேயே தொடங்குங்கள். ஒரே காரை ரெண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் டயர் ஆறவே நேரமிருக்காது. அப்போது தண்ணீர் தெளித்து ஆற வைப்பார்கள்.
* வீடு திரும்பும்போது: இதை மறக்கவே கூடாது. டயர் ஆறிய பிறகு அழுத்தம் ரொம்பவே குறைந்திருக்கும். காற்று நிரப்பாமல் ஹைவேயில் போனால் டயர் வெடிக்கும் அபாயம் உண்டு.

எவ்வளவு அழுத்தம் சரி என்று எப்படித் தெரியும்? டயரின் ஓரத்தில், பட்டன் முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஓட்டி வந்து பாருங்கள். கோடு பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் அழுத்தம் குறைவு. ஓரத்தில் தொடாமலே இருந்தால் அழுத்தம் அதிகம்.

டயர் மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. பிடிப்பு கூடினால் வேகம் கூடும், பிரேக்கின் சுமையும் கூடும். பழைய பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரை வரை இறங்கும், கார் நிற்காது. ஒட்டும் டயர் போடுவதற்கு முன் புது பிரேக் ஆயில், நல்ல பிரேக் பேட் போடுங்கள். ஒவ்வொரு செஷனுக்கும் இடையில் வீல் நட்டுகளின் இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

அலைன்மென்ட்டும் முக்கியம். சாதாரண முன்சக்கர டிரைவ் கார்களில் வளைவில் முன் டயரின் வெளி ஓரம்தான் அடி வாங்கும். ஒரே நாளில் வெளி ஓரம் மொட்டையாகி, உள் ஓரம் புதுசாக இருப்பதைப் பார்க்கலாம். டயர் வாங்கும் காசில் கொஞ்சம் ஒதுக்கி அலைன்மென்ட் பார்த்தால் டயர் இன்னும் சில நிகழ்ச்சிகளுக்கு வரும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

* அளவும் குறியீடும்: 195/55 ஆர்16 87வி என்று இருந்தால், 87 என்பது ஒரு டயர் தாங்கும் எடை, அதாவது 545 கிலோ. 'வி' என்பது மணிக்கு 240 கி.மீ. வேக வரம்பு. 'எச்' என்றால் 210. கார் நிறுவனம் சொன்னதைவிடக் குறைந்த குறியீட்டை எடுக்கவே கூடாது.
* தயாரிப்புத் தேதி: பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் புதிதாக இருந்தாலும் ரப்பர் பழசானால் இறுகிவிடும்.
* பழைய டிராக் டயர்: குறைந்த விலைக்கு வருகிறதே என்று ஏமாற வேண்டாம். சூடாகி ஆறி, சூடாகி ஆறி ரப்பர் பிடிப்பை இழந்திருக்கும். பட்டன் ஆழத்தைப் பார்த்து அது தெரியாது.
* தேய்மானக் குறி: பள்ளத்துக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் சின்ன மேடு இருக்கும். ரப்பர் அதைத் தொட்டுவிட்டால் சாலையில் அந்த டயரின் ஆயுள் முடிந்தது.

மழை வந்தால்?

வடகிழக்குப் பருவமழையில் வேளச்சேரியிலும் ஓஎம்ஆரிலும் தண்ணீர் எப்படி நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 200 வகை டயர்களில் பள்ளங்கள் குறைவு. பாதி தேய்ந்த பிறகு தண்ணீரை வெளியேற்றும் திறன் ரொம்பவே குறைந்துவிடும். ரப்பர் எவ்வளவு ஒட்டினாலும், நடுவில் தண்ணீர்ப் படலம் வந்துவிட்டால் கார் மிதக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதே காரில் குடும்பத்தோடு போகிறவர் என்றால், ரெண்டு வழிதான். ஒன்று, மழையிலும் நம்பக்கூடிய பெர்ஃபார்மன்ஸ் சம்மர் டயரோடு நின்றுவிடுங்கள். இல்லையென்றால் ஒட்டும் டயரைத் தனி வீல் செட்டில் போட்டு, நிகழ்ச்சிக்கு மட்டும் மாட்டுங்கள். ரெண்டாவது வழி முதலில் செலவாகத் தெரியும். ஆனால் விலை உயர்ந்த டயரை தினமும் ஆபீஸ் சாலையில் தேய்க்காததால், நாள்பட மிச்சம்தான்.

சுருக்கமாக...

* முதல் தடவை போகிறவர்: இருக்கும் டயர், சரியான காற்று, புது பிரேக் ஆயில்.
* ஒரே செட், தினசரி ஓட்டம், வருஷத்துக்கு மூன்று நாலு நிகழ்ச்சி: பெர்ஃபார்மன்ஸ் சம்மர் டயர்.
* மாதம் ஒரு நிகழ்ச்சி, பெரும்பாலும் டிராக்: தனி வீல் செட்டில், சூட்டைத் தாங்கும் 200 வகை.
* பெரும்பாலும் தார் தரை ஆட்டோகிராஸ், நேரம்தான் முக்கியம்: சட்டென்று சூடாகும் 200 வகை.
* மண் தரை ஆட்டோகிராஸ்: அதற்கான டயர் தனி. பணத்தை 200-ல் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஒட்டும் டயர் போட்ட தைரியத்தில் ஈசிஆரில் வேகம் பார்க்க வேண்டாம். டிராக்கில் எதிரே வண்டி வராது, மாடு குறுக்கே வராது, சறுக்கினால் மணல் பள்ளம் இருக்கும், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். இதில் எதையும் எந்த டயரும் சாலைக்குக் கொண்டுவராது.